மஞ்சள் சுடரும் ஊதாச் சுடரும்

ரசம் நுரைகூட்டிப் பொங்கி, விளிம்பு தாண்டி ஒரு துளி அடுப்பில் விழுந்தால், நீலமாக நின்ற சுடர் சட்டென்று மஞ்சளாகிப் பின் பழைய நிறத்துக்குத் திரும்புவதை நம் வீட்டுப் பெண்மணிகள் நாள்தோறும் காண்கிறார்கள். அந்த மஞ்சளுக்குக் காரணம் புளியுமன்று, மிளகுமன்று. ரசத்தில் இட்ட உப்பிலுள்ள சோடியம். சிவகாசியில் செய்யும் வாணங்களில் சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம், உச்ச நீதிமன்றம் 2018-இல் விலக்கும்வரை பச்சைக்குப் பேரியம் என்று வழங்கிவந்த வரிசையில், மஞ்சளுக்கென்று சேர்ப்பதும் இதே சோடியத்தின் உப்பு வகைகளையே. சோடியத்தின் உடன்பிறப்பாகிய பொட்டாசியமும் சுடரில் தனக்கென ஒரு நிறம் காட்டும். அது வெளிறிய ஊதா. ஆனால் இம்மியளவு சோடியம் கலந்திருந்தாலும் அந்த ஊதா மஞ்சளில் மூழ்கி மறைந்துபோவதால், கல்லூரி ரசாயன சாலையில் மாணவர்கள் கருநீலக் கண்ணாடி ஒன்றைக் கண்ணுக்கும் சுடருக்கும் இடையே பிடித்து, மஞ்சளை வடித்துவிட்டு ஊதாவைத் தேடுவது வழக்கம்.

அண்ணனையும் தம்பியையும் போல உருவ ஒற்றுமை மிக்க இவ்விரு தனிமங்களையும் சிவகாசிக்காரர் ஒருபோதும் ஒன்றெனக் கருதியதில்லை. 1920-களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த நாள் முதல், குச்சி மருந்தில் இட்டது பொட்டாசியம் குளோரேட்; பின்னால் வந்த வெடிகளில் கரிமருந்துக்கு ஆதாரமானது வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். சோடியம் நைட்ரேட்டும் பிராணவாயுவை அளிக்க வல்லதே; எடைக்கு எடை பார்த்தால் சற்று அதிகமாகவே அளிக்கும். ஆயினும் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நமுத்துப்போகும் ஸ்வபாவமுடையது. நமுத்த மருந்து தீபாவளியன்று புஸ்ஸென்று போய்விடும். ஆகவே சோடியம் நிறத்துக்கு ஒரு சிட்டிகை, பொட்டாசியம் வேலைக்கு மூட்டை மூட்டையாக என்பது அவ்வூர் நடைமுறை.

பட்டாசுச் சாலையின் முள்வேலிக்கு அப்பால், கரிசல் நிலத்தில் நிற்கும் பருத்திச் செடியும் இதே நடைமுறையைத்தான் கைக்கொள்கிறது; அது கைக்கொள்ளத் தொடங்கிய காலமோ கரிமருந்தின் காலத்துக்கு எத்தனையோ கோடி ஆண்டு முந்தியது. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தறிய அதனிடம் நீலக் கண்ணாடி இல்லை. அதற்குரிய கருவிகள் வேறு. அவற்றைப் பற்றியது இந்த அத்தியாயம்.

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசலைக் கோடையில் பார்த்தவர்க்கு அதன் வெடிப்புகள் மறக்கா. ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்கும் களிமண் அது. அடியில் சுக்கான்கல் கிடக்கும். மழை கொஞ்சமாதலால், பாறை சிதைந்து மண்ணான காலத்திலிருந்து சேர்ந்த உப்புகள் முற்றிலும் கழுவிச் செல்லப்படுவதில்லை. பள்ளமான இடங்களில், வெயில் நீரை மேலிழுத்து ஆவியாக்க, உப்பு மட்டும் தங்கி வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். ‘உவர் பூத்திருக்கு’ என்பார்கள். சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணின் கட்டுமானத்தையே குலைத்துவிட்டால் அது களர். உவர் வேறு, களர் வேறு என்பதை நம் உழவர்கள் மண் பரிசோதனைக் கூடங்கள் தோன்றுமுன்பே அறிந்திருந்தார்கள்.

உப்பேறிய கிணற்றுநீர் பாய்ச்சிய மிளகாய்த் தோட்டம் ஒன்றின் வரப்பில் நின்றிருந்தபோது, வயதான சம்சாரி ஒருவர் என்னிடம் சொன்னது இது: “ஈரம் கெடக்குது தம்பி, பயிருதான் குடிக்க மாட்டேங்குது.” தாவர உடலியல் நூல்கள் ஒரு பக்கம் செலவிட்டு விளக்கும் விஷயத்தை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். உப்பு தூவிய மாங்காய்த் துண்டு சிறிது நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு துவண்டுபோவதில் உள்ள சூட்சுமமே இங்கும் உள்ளது. கரைபொருள் எப்பக்கம் செறிந்திருக்கிறதோ அப்பக்கம் நீர் இழுக்கப்படும். லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் சாதாரண உப்பு கரைந்த நீர், சவ்வின் வழியே சுமார் 5 வளிமண்டல அழுத்தத்துக்கு ஒப்பான இழுவை கொண்டது. வேர் அந்த இழுவையை வென்றால்தான் ஒரு சொட்டேனும் உள்ளே வரும். கால் நனைய நீர் நிற்கும் வயலிலும் செடிக்கு வறட்சி நேர்வது இவ்வாறே.

ஆகவே உப்பின் தாக்குதல் இரண்டு தவணைகளில் நிகழ்கிறது. முதல் தவணை நீரைப் பற்றியது. அது வேரில் உப்பு பட்ட சில நிமிஷங்களிலேயே தொடங்கிவிடும், சோடியம் ஓர் அயனிகூட இலைக்குள் புகாதிருந்தாலும் செடியின் வளர்ச்சி தளரும். இரண்டாவது, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் சோடியம் இலையில் சேர்ந்து சேர்ந்து நஞ்சாவது. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் தீய்வது அதன் அடையாளம். முன்னது தாகம், பின்னது விஷம் என்று கொள்ளலாம்.

உப்பு வந்தது என்ற செய்தி செடிக்குள் எப்படிப் பரவுகிறது? செடிக்கு நரம்பில்லை. ஆனால் அதன் உயிரணுவின் வெளிச்சவ்வில் உள்ள ஒருவகைக் கொழுப்பு மூலக்கூறுகள் சோடியத்தோடு ஒட்டும் தன்மையுள்ளவை என்பதும், அவை ஒட்டியவுடன் கால்சியம் நுழையும் வாயில்கள் திறக்கின்றன என்பதும் 2019-இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தன. உயிரணுவின் உட்சாறாகிய சைட்டோபிளாசத்தில் கால்சியம் வழக்கமாக மிகமிகக் குறைவு; அந்த வெறுமையில் திடீரென்று அது ஏறுவது, நிசப்தமான கோயிலில் மணி அடிப்பது போன்றது. வேர் நுனியில் உப்பு பட்டால் இந்தக் கால்சிய அலை விநாடிக்கு 400 மைக்ரோமீட்டர் அளவில் மேல்நோக்கிச் செல்வதை 2014-இல் விஞ்ஞானிகள் ஒளிரும் புரதங்களின் உதவியால் கண்ணாரக் கண்டார்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதானே என்று இகழ வேண்டாம். சாண் உயரச் செடியின் அடியிலிருந்து தலைவரை செய்தி போய்ச்சேர ஒன்பது பத்து நிமிஷமே போதும். இதன் பின்னரே அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் பெருகி, இலைத்துளைகளை மூடி, இருக்கும் நீரைக் காத்துக்கொள்ளச் செய்கிறது.

இனி சோடியம் உள்ளே புகும் விதம். உயிரணுவின் உட்புறம் வெளிப்புறத்தை நோக்க, 100 மில்லிவோல்ட்டுக்கு மேற்பட்ட எதிர்மின்னழுத்தம் உடையது. நேர்மின்னேறிய எந்த அயனியையும் அது வாவென்று அழைக்கும்; சோடியம் வெளியே மிகுந்தும், உள்ளே குறைந்தும் இருக்கையில், இறக்கத்தில் உருளும் கல்லைப்போல அது தானே உள்ளே ஓடிவரும். பொட்டாசியத்தின் ஆரம் 1.38 ஆங்ஸ்ட்ராம், சோடியத்தினது 1.02. இந்தச் சிறு வேற்றுமையை அறிந்து பொட்டாசியத்தை மட்டும் விடும் நுண்வாயில்கள் உள்ளன. அவ்வகை வாயில் ஒன்றின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டிய ராடரிக் மெக்கின்னனுக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எல்லா வாயில்களும் அத்தனை கண்டிப்பானவை அல்ல. ஆள் அடையாளம் பாராமல் யாரையும் விடும் வாயில்களும் வேரில் உண்டு. சோடியம் அவற்றின் வழியே வருகிறது.

வந்தால் என்ன என்று கேட்கலாம். உட்சாற்றில் பொட்டாசியம் 100 மில்லிமோலார் அளவில் நிலையாக இருக்க, அதை நம்பியே ஐம்பதுக்கு மேற்பட்ட நொதிகள் தொழில் நடத்துகின்றன. புரதம் கட்டும் ரைபோசோமும் அதன் தயவில் இயங்குவதே. சோடியம் அந்த ஆசனங்களில் போய் உட்காரும், வேலை மட்டும் நடவாது. நமுத்துப்போன மருந்து என்றேனே, அதுபோல.

வெளியேற்றும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1990-களில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜியான் காங் ஜூ என்ற சீன விஞ்ஞானியும் அவர் குழுவினரும், கடுகினத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு பூண்டின் விதைகளை ரசாயனத்தால் மரபுமாற்றம் செய்து, நாற்றுகளை உப்பிட்ட கூழ்த்தட்டில் வைத்து, தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ஆரோக்கியமான நாற்றின் வேர் வளைந்து திரும்பிக் கீழ்நோக்கி வளரும். உப்புக்குத் தோற்ற நாற்றின் வேர் வளையாமல் அப்படியே நிற்கும். வளையாதவற்றைப் பொறுக்கி எடுத்து ஆராய்ந்தபோது புலப்பட்டதே எஸ்.ஓ.எஸ். பாதை. கப்பல்கள் ஆபத்தில் அனுப்பும் அபயக்குரலின் பெயர் அதற்கு அமைந்தது விஞ்ஞானிகளின் குறும்பு. அதன் மூன்றாம் புரதம் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றியதும் இரண்டாம் புரதத்தைத் தட்டி எழுப்பிச் சவ்வுக்கு இழுத்துச் செல்லும். இரண்டாமது, சவ்வில் பதிந்துள்ள முதலாம் புரதத்துக்குப் பாஸ்பேட் ஏற்றி வேலைக்கு ஏவும். முதலாமது ஒரு ஹைட்ரஜன் அயனியை உள்ளே விட்டு, ஒரு சோடியம் அயனியை வெளியே தள்ளும். இந்த முதலாம் புரதம் பழுதான செடிகள், உப்பே இல்லாத இடத்திலும் பொட்டாசியம் குறைந்தால் வளரமாட்டாமல் திணறின என்று 1996-ஆம் ஆண்டுக் கட்டுரை தெரிவித்தது. சோடியப் பிரச்சினையும் பொட்டாசியப் பிரச்சினையும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டா.

ஆனால் வெளியே தள்ளியது வேரடியிலேயே கிடக்கிறது; மறுபடியும் வரும். வாசலில் கொட்டிய குப்பை காற்றடித்தால் வீட்டுக்குள் வருவதைப்போல. ஆகவே இரண்டாவது உபாயம் ஒன்றும் உண்டு. என் அபிப்பிராயத்தில், தாவர ரசாயனம் முழுவதிலும் இதற்கு இணையான தந்திரம் குறைவு.

சிவகாசிச் சாலைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அவை ஒரே பெரிய கட்டடமாக இரா. பரந்த பொட்டலில், ஒன்றுக்கொன்று எட்ட எட்டச் சிறுசிறு அறைகள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருத்தலாகாது, மருந்து கலக்கும் அறையிலோ இருவர். செய்து முடித்த சரக்கு அங்கேயே தங்காமல் கிட்டங்கிக்குப் போய்விட வேண்டும். கந்தகத்தையும் பொட்டாசியம் குளோரேட்டையும் பட்டாசுக் கலவையில் ஒன்றாகச் சேர்ப்பதே சட்டப்படி விலக்கு. விதி மீறப்பட்ட இடங்களில் நேர்ந்த விபத்துகளின் சோகத்தை ஆண்டுதோறும் பத்திரிகைகளில் படிக்கிறோம். அபாயமான பதார்த்தத்தை அபாயமற்றதாக மாற்ற முடியாதபோது, அதற்கென ஓர் அறை ஒதுக்கிக் கதவைச் சாத்துவதே புத்தி.

முதிர்ந்த தாவர உயிரணு ஒவ்வொன்றிலும் அப்படி ஓர் அறை உண்டு. வேக்குவோல் என்னும் அந்த நீர்ப்பை, உயிரணுவின் கன அளவில் நூற்றுக்கு 80, 90 பங்கை அடைத்துக்கொள்வது. உயிர்த்தொழில் நடக்கும் உட்சாறு அதைச் சுற்றிய மெல்லிய படலமாகவே நிற்கும். அந்தப் பையின் சவ்விலுள்ள பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இறைத்து அதைப் புளிப்பாக்குகின்றன. அந்த அயனிகள் வெளியே கசியத் துடிக்கும் வேகத்தைக் கூலியாகக் கொண்டு, என்.ஹெச்.எக்ஸ். என்ற புரதம் சோடியத்தைப் பைக்குள் அனுப்பி அடைக்கிறது. 1999-இல் எட்வர்டோ புளூம்வால்டும் சகாக்களும் இப்புரதத்தை அராபிடாப்சிஸில் மிகுதியாக ஆக்கி, 200 மில்லிமோலார் உப்பில், அதாவது கடல்நீரின் உப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதில், செடியை வளர்த்துக் காட்டினார்கள். 2001-இல் தக்காளியிலும் அது கைகூடிற்று. உப்பு இலைகளில் தங்க, பழம் உப்புக் கரிக்கவில்லை.

உப்பங்கழியில் செழிக்கும் செடிகளின் நொதிகள் உப்பைத் தாங்கவல்ல விசேஷ நொதிகளாக இருக்கும் என்றே நாம் ஊகிப்போம். விஞ்ஞானிகளும் அவ்வாறே ஊகித்து, 1970-களில் அவற்றைப் பிரித்தெடுத்துச் சோதனைக் குழாயில் உப்பிட்டுப் பார்த்தார்கள். அவை அவரைச் செடியின் நொதிகளைப் போலவே துவண்டன. கடலோரச் செடியின் உட்சாறும் நம் வீட்டு அவரையின் உட்சாறும் உப்பின் முன் சம அளவு பலவீனமானவை. முன்னது உப்பை ஒதுக்கிவைக்கக் கற்றது, பின்னது கற்கவில்லை. வீரம் உடம்பில் இல்லை, அறைக்கதவில் இருக்கிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பைக்குள் உப்பு செறிந்தால், மாங்காய்த் துண்டுக்கு நேர்ந்ததுபோல உட்சாற்றின் நீரைப் பையே இழுத்துக்கொள்ளாதா? இழுக்கும். அதைச் சமன்செய்ய, உட்சாற்றிலும் ஏதேனும் கரைந்திருக்க வேண்டும்; அது நொதிகளுக்குக் கெடுதல் செய்யாததாகவும் இருக்க வேண்டும். குளூட்டமிக் அமிலத்திலிருந்து செடி ஆக்கிக்கொள்ளும் புரோலின் என்ற அமினோ அமிலம் அத்தகையது. கோலினைப் பசுங்கணிகத்தில் இரண்டு படிகளில் ஆக்சிகரணித்துச் செய்யும் கிளைசின் பீட்டேன் மற்றொன்று. பீட்ரூட் இனச் சாற்றில் முதலில் கிடைத்ததால் பீட்டேன் என்று பெயர். பருத்தியும் சோளமும் பீட்டேனைச் சேர்த்துக்கொள்ளும். நெல்லுக்கு அந்த வித்தை வராது. உட்சாறு மெல்லிய படலமாகவே இருப்பதால், இவ்விலையுயர்ந்த சரக்கு சிறிதளவே போதுமாகிறது. மலிவான உப்பைப் பெரிய பைக்கும், அருமையான புரோலினைச் சிறிய படலத்துக்கும் ஒதுக்கும் இந்தக் கணக்கை விருதுநகர் வியாபாரி ஒருவர் பார்த்தால் மெச்சுவார்.

இன்னோர் அபாயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். இலைத்துளைகள் மூடிக் கரியமிலவாயு வரத்து குறைந்த பிறகும் வெயில் குறைவதில்லை. பசுங்கணிகம் பிடித்த சக்திக்குப் போக்கிடமின்றி, எலக்ட்ரான்கள் ஆக்சிஜன்மேல் பாய்ந்து சூப்பர் ஆக்சைடு என்ற முரட்டு மூலக்கூறாகி, சவ்வுகளை அரிக்கும். டிஸ்மியூட்டேஸ் நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்க, கேட்டலேஸ் முதலியவை அதை நீராக்கி அணைக்கும். சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்திலிருந்து இந்த டிஸ்மியூட்டேஸின் மரபணுவை எடுத்து நெல்லில் புகுத்தி, அதன் தாங்குதிறன் உயரக் கண்டு, 2008-இல் வெளியிட்டனர். ஆயினும் சோதனைச்சாலையில் வென்ற ஒற்றை மரபணு வயலில் வெல்வது அரிது. உப்பைத் தாங்குதல் பல கைகள் சேர்ந்து இழுக்கும் தேர். வங்காளத்து நோனா போக்ரா என்ற பழைய நெல், தண்டில் ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப எடுத்து இலையைக் காக்கும் வாயில் ஒன்றைக் கொண்டது. கேரளத்துப் பொக்காளி நெல்லின் வழிவந்த மரபுப் பகுதி, பல நாடுகளின் நெற்பயிர்ப் பெருக்கத்தில் இன்று கையாளப்படுகிறது. வயலுக்கு வந்து உதவியவை பெரும்பாலும் இவ்வாறு உழவர் காத்த பழைய ரகங்களே.

மண்சாற்றின் மின்கடத்துதிறனால் உவரை அளப்பது வழக்கம். மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸுக்கு மேற்பட்டால் உவர் நிலம் என்பார்கள். பருத்தி 7.7 வரையில் மகசூல் குறையாமல் நிற்கும், சோளம் 6.8 வரையில், நெல் 3-லும், மிளகாயினம் 1.5-லுமே தளரத் தொடங்கும். கரிசல்காட்டார் தலைமுறை தலைமுறையாகக் கருங்கண்ணிப் பருத்தியும் சோளமும் விதைத்து வந்ததற்கு மழைக் குறைவே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த எண்களும் அவ்வழக்கத்துக்கு எதிராகப் பேசவில்லை. பருத்தியும் முளைக்கும் பருவத்தில் இத்தனை துணிவு காட்டாது. நாற்றாக இருக்கையில் அதற்கும் உப்பு ஆகாது. தாங்குதலும் இலவசமன்று: ஒவ்வொரு சோடியத்தையும் அறைக்குள் தள்ளவும், ஒவ்வொரு புரோலினைச் செய்யவும் செலவாகும் சக்தி, காயாகவும் பஞ்சாகவும் ஆகியிருக்க வேண்டியது. உவர்க்காட்டுப் பருத்தி முழங்கால் உயரத்தில் நின்றுவிடுவதன் கணக்கு அதுதான்.

சாத்தூரைத் தொட்டுச் செல்லும் வைப்பாறு, தூத்துக்குடி மாவட்டத்தின் உப்பளங்களை ஒட்டி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அக்கழிக்கரையில் உமரி என்னும் பூண்டு சதைப்பற்றோடு படர்ந்திருக்கும். ஒரு கணுவைக் கிள்ளி வாயிலிட்டால் நீர் தெறித்து நாக்கில் உப்புக் கரிக்கும். நாம் கடித்து உடைத்தது, லட்சக்கணக்கான அறைகளின் கதவுகளை. இவ்வினச் செடிகளைக் காயவைத்துச் சுட்டால் எஞ்சும் சாம்பலில் சோடியம் மிகுதி. ஸ்பெயின் முதலிய தேசங்களில் அச்சாம்பலிலிருந்து சோடா எடுத்துச் சோப்பும் கண்ணாடியும் செய்தார்கள். உள்நாட்டு மரஞ்செடிகளின் சாம்பலோ பொட்டாசியம் மிகுந்தது. சாம்பல்நீரைச் சட்டியில் சுண்டக் காய்ச்சி எடுத்த உப்புக்கு இங்கிலீஷில் பொட்டாஷ் என்று பெயர் வழங்க, 1807-இல் ஹம்ப்ரி டேவி பிரித்த தனிமத்துக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. மண் ஒன்றாயினும், அதில் சோடியம் மலிந்திருப்பினும், வேர்கள் பொட்டாசியத்தைப் பொறுக்கிச் சேர்த்ததன் கணக்கேடு அந்தச் சாம்பல்.

பழங்காலத்தில் வெடியுப்புக் காய்ச்சியவர்கள், மாட்டுத்தொழுவத்தையும் பழஞ்சுவர்களையும் அடுத்த மண்ணைச் சுரண்டி, விறகுச் சாம்பலோடு சேர்த்துப் பானையிலிட்டு நீர் ஊற்றி வடித்தார்கள். மண்ணிலிருந்த நைட்ரேட் பெரும்பாலும் கால்சியத்தோடு சேர்ந்திருந்து நமுத்துப்போகும். சாம்பலிலிருந்த பொட்டாசியம் கால்சியத்தை விலக்கி, நமுக்காத ஊசிப் படிகமாக அதை மாற்றியது. அந்த வடிநீரைக் காய்ச்சியவர்களுக்கு அயனி தெரியாது, ஆரம் தெரியாது. அடுப்பெரித்த கருவேலங்கட்டை, தன் வேரில் நின்று பிரித்துவைத்திருந்ததை, அவர்கள் ஒரு கைப்பிடி சாம்பலாக அள்ளிப் போட்டார்கள்.